வியாழக்கிழமை தேதி போட்ட மெயில்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் மனைவியும் நலம் என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாக வாயே திறக்காதவளைப் பற்றி வேறெப்படி எழுதுவது? நீங்கள் என் போனை எடுப்பதில்லை. ஆபீஸ் மெயிலைத் தொடவே பயமாக இருக்கிறது. ஆகவே காகிதம்.

திங்கட்கிழமை எங்கள் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அப்டேட் போட்டார்கள். அன்றிலிருந்து மெயிலைத் திறந்தால் 'உங்களை அடையாளம் தெரியவில்லை' என்கிறது. இருபத்தொன்பது வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து! புது பாஸ்வேர்ட் போட்டேன், 'இது பழையது' என்றது. பழையதைப் போட்டேன், 'இது தவறு' என்றது. கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் சிஸ்டம்காரர். எந்தக் கோளாறுக்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்பவர், அதனால் அவருக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர். சேர்த்தேன். டிங் என்று ஒரு மெயில் வந்தது. ஸ்பீக்கர் ஒயரை நான் போன வருஷமே பிடுங்கிவிட்டேன், மாப்பிள்ளை.

ஸ்டோர்காரர் அனுப்பியிருந்தார்: 'நீங்கள் கேட்ட பிரிண்டர் மை அனுப்பப்பட்டது.' நான் கேட்கவேயில்லை. கேட்கலாமென்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் பெட்டி வந்து இறங்கியது. மறுநாள் மேலதிகாரிகிட்டேருந்து, 'விடுப்பு அனுமதிக்கப்பட்டது, பல்லைப் பார்த்துக்கொள்ளவும்'. எனக்கு எந்தப் பல்லும் வலிக்கலை. மத்தியானம் சாப்பாட்டுல கல்லைக் கடிச்சேன், பல்லு பாதியாப் போச்சு. ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டேன். "குப்பை சேர்ந்திருக்கும் சார், காலி பண்ணிடலாம்"னு உட்கார்ந்தார். டிங். அவர் சம்சாரம் அவருக்கு அனுப்பினது, என் மெயில் பெட்டிக்கு வந்திருக்கு: 'இன்னிக்கு வண்டியை எடுக்காதீங்க.' மனுஷன் சாவியை என் மேஜைமேலயே விட்டுட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து, "அவ அப்படி ஒண்ணுமே அனுப்பலையாம் சார். ஆனா பிரேக் ஒயர் அறுந்து தொங்குது"ன்னார்.

நேத்து வெள்ளிக்கிழமை. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, பிரிவுல நான் மட்டும்தான். டிங். உங்க பேர்ல. தேதி மட்டும் வர்ற வியாழக்கிழமை. 'மாமா, அவ ஃப்ரிட்ஜ்ல ஒட்டின சீட்டை அன்னிக்கே படிச்சேன். படிக்கலைன்னு பொய் சொன்னேன். தப்பு என்மேலதான். அவகிட்ட சொல்லிடுங்க.' ஒரு விண்ணப்பத்தோட பின்பக்கத்துல அப்படியே எழுதிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து மககிட்ட நீட்டினேன். ரெண்டு தரம் படிச்சா. "அந்தச் சீட்டைப் பத்தி நான் யாருகிட்டயும் சொல்லலையே அப்பா. அம்மாகிட்டகூட." மூணு வாரத்துல அதுதான் முதல் பேச்சு. "அப்படி என்னம்மா எழுதியிருந்த?"ன்னேன். உள்ளே போய்ப் பெட்டியில துணியை அடுக்க ஆரம்பிச்சுட்டா.

இன்னிக்கு சாயந்திரம் பஸ் ஏறுறா. நாளைக் காலையில உங்க வாசல்ல நிப்பா. இந்தக் கடிதத்தை ஒட்டி அவ கையிலயே கொடுத்தனுப்பறேன்.

ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் போட்டுக்கொண்டு நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள். உங்கள் அத்தை உங்கள் இருமலை விசாரித்தாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதறேன். ரீஸ்டார்ட் இப்பதான் ஆபீஸ்லேருந்து போன் பண்ணினார். அப்டேட் போட்ட நாள்லேருந்து எங்க பிரிவுக்கு நெட் இணைப்பே கொடுக்கலையாம். "ஒரு மெயில்கூட வந்திருக்க வழியில்லை சார். உங்க பெட்டியைத் திறந்து பார்த்தேன், காலி." "நீங்களும்தானே கண்ணால பார்த்தீங்க?"ன்னேன். "நாம ரெண்டு பேரும் இதை வெளியே சொல்ல வேண்டாம் சார்"னு வெச்சுட்டார். ஆக, உங்க மெயில்னு இப்ப மிச்சம் இருக்கறது என் கையெழுத்து மட்டும்தான். அவ செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறா, ஆட்டோ வந்தாச்சு, முகத்துல சிரிப்பு. போன்ல வந்த விஷயத்தை அவகிட்ட சொல்லலை. மாப்பிள்ளை, நீங்க அந்தச் சீட்டைப் படிச்சீங்களோ இல்லையோ, வியாழக்கிழமை அந்த மெயிலை எனக்கு அனுப்பிடுங்க. ஒரு வார்த்தைகூட மாறாம.