கூட்டுக் கலத்தின் வெள்ளோட்டம்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின் நான் என் முன்மொழிவை எழுதி முடிக்கும் வரை குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. தற்பெருமை பிடிக்காத காரணத்தால் இதை நான் வெளியில் சொல்வதில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"நல்லது. வர்றப்ப குப்பைக் கூடையை உள்ள எடுத்துட்டு வாங்க" என்றாள்.

சிந்தனையாளர்களின் வீடுகளில் இது சகஜம்.

இணையத்தில் 'அண்டவெளி' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு லட்சம் பேர் ஆடலாம். ஆளுக்கொரு விண்கலம். அதில் ஏறிக் கிரகம் கிரகமாகப் போய்த் தாது தோண்டலாம், சரக்கு ஏற்றலாம், எதிரே வருகிறவனைச் சுடலாம். மூன்று வருடமாக நான் அதில் பறந்துகொண்டிருக்கிறேன். ஒருநாள் என் கலத்தின் எஞ்சினில் தீப்பிடித்தது. ஒரு கையால் கலத்தைத் திருப்ப வேண்டியிருந்தது, ஒரு கையால் சுட வேண்டியிருந்தது, மூன்றாவது கையால் தீயை அணைக்க வேண்டியிருந்தது. அந்தக் கை எனக்கு இல்லை. இரண்டு லட்சம் பேர் நடமாடும் அண்டத்தில் ஒரு வாளி தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல், ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருக்கிறார்களே என்று மனம் வெதும்பியது.

அன்றே எழுத உட்கார்ந்தேன். ஒரு கலம், ஐந்து இருக்கை. தலைவர் ஒருவர், வழி பார்க்க ஒருவர், எஞ்சினுக்கு ஒருவர், பீரங்கிக்கு ஒருவர், பழுது பார்க்க ஒருவர். ஐவரும் அவரவர் கணினியில் இருந்தபடி ஒரே கலத்தைச் சேர்ந்து ஓட்டுவார்கள். விஷயம் இவ்வளவுதான். இதைப் பிரிவு, உட்பிரிவு, இணைப்பு 'அ', இணைப்பு 'ஆ' என்று முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு விரித்து, "கூட்டுக் கலம்: வேண்டுகோளும் விளக்கமும்" என்று தலைப்பிட்டு, ஆட்டக்காரர்களின் கருத்து மேடையில் ஏற்றினேன்.

வரவேற்பு பலமாக இருந்தது. 'இடிமுழக்கம்' என்ற புனைபெயர்க்காரர், "கூட்டுக் குடும்பத்துலேருந்து தப்பிக்கத்தான் தினம் இங்க வர்றேன். இங்கயும் அஞ்சு பேரா?" என்று கேட்டார். இன்னொருவர், "இது கூட்டுக் கலம் இல்ல, கூட்டுக் கலவரம்" என்றார். மூன்றாமவர் பதினேழாம் பக்கத்தில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதைக் காட்டினார். பதினேழாம் பக்கம் வரை வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்குத் தனியே நன்றி எழுதினேன்.

விளையாட்டு நிறுவனத்திலிருந்து, "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று உடனே பதில் வந்தது. எவ்வளவு முக்கியம் என்றால், பத்திரமாக நான்கு மாதம் அதை யாரும் தொடவில்லை. ஐந்தாம் மாதம் இன்னொரு மடல் வந்தது. சோதனைக்காக ஒரே ஒரு கூட்டுக் கலம் செய்திருக்கிறார்களாம். வரும் புதன்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை அது எனக்கு. ஐந்து பேராகச் சேர்ந்து ஓட்டிப் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை பகலில் நான் அலுவலகத்தில் இருப்பேன். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் அது. நான் புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளர். ஏற்றமும் இறக்கமும் மட்டுமே உள்ள, முன்னேற்றம் என்பதே இல்லாத தொழில். விடுப்புக் கேட்க மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் அப்போதுதான் 'குழு மனப்பான்மை' குறித்து ஓர் ஓட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சி முகாமிலிருந்து திரும்பியிருந்தார். வந்ததிலிருந்து தினமும் காலையில் எங்களை வட்டமாக நிற்க வைத்து ஒரு நூல் உருண்டையை மாற்றி மாற்றித் தூக்கிப்போட வைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு லீவு?"

"ஒரு விண்கலம் ஓட்டணும் சார்."

"தனியாவா?"

"இல்ல சார், அஞ்சு பேர் சேர்ந்து."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "சேர்ந்தா? அப்போ அது டீம் ஒர்க் ஆச்சே. லீவு எதுக்கு, ஆபீஸ்லயே ஓட்டலாம். நானும் வர்றேன்" என்றார். பிறகு யோசித்து, "தலைவர் யாரு?" என்று கேட்டார்.

"யோசனை சொன்னவன்கிற முறையில..."

"மேனேஜர் உக்காந்திருக்கிற கப்பல்ல கண்காணிப்பாளர் தலைவரா? பதவி ஆர்டர் இடிக்குமே."

ஆர்டர் இடிக்கக் கூடாது என்பதால் தலைவர் இருக்கை மேனேஜருக்குப் போய், எனக்குப் பழுது பார்க்கும் இருக்கை ஒதுக்கப்பட்டது. பீரங்கி, இருபது வருடமாக எங்கள் புகார்த் தொலைபேசியை எடுத்துவரும் டெலிபோன் அக்காவுக்கு. ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர் என்பதால் வழி பார்ப்பது மெக்கானிக்குக்கு. அவரை எல்லோரும் 'ஸ்பேனர்' என்போம். ஐந்தாவது ஆளாக என் மனைவியின் தம்பியைச் சேர்த்தேன். அவர் பல் டாக்டர். பகல் நேரத்தில் யாருக்கும் பல் வலிப்பதில்லை என்பதால் தன் கிளினிக்கில் இருந்தபடியே எஞ்சினைக் கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை காலை மனைவி என்னிடம் ஒரு சின்ன உதவி கேட்டாள். பதினைந்து வருடமாக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறவளுக்கு அன்று பகல் ஒரு மணிக்குத் தலைமையாசிரியர் பதவிக்கு நேர்காணல்.

"இன்னைக்கு ஒரு நாள் வந்து என்னைக் கொண்டுபோய் விடுறீங்களா? கொஞ்சம் படபடப்பா இருக்கு" என்றாள்.

மனித குலம் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதை அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "சரி, நானே போய்க்கிறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த குளிர்ச்சியை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் காதுகளில் கருவியை மாட்டிக்கொண்டு கலத்தில் ஏறினோம். முதல் பத்து நிமிடம் தலைவர் உரையாற்றினார். அடுத்த ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கைக்காரரிடம் பிடித்த நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. என்னிடம் பிடித்தது எது என்று கேட்டபோது டெலிபோன் அக்கா, "அப்புறமா சொல்றேன் சார்" என்றார். பன்னிரண்டே காலுக்குக் கலம் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அந்தக் காட்சியின் கம்பீரத்தை எழுத்தில் வடிக்க இயலாது. துறைமுகச் சுவரில் லேசாக உரசியதை மட்டும் வடிக்கலாம்.

"வழிகாட்டி வலப்புறம் திரும்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்றார் தலைவர்.

"சார், நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தத் திருப்பம் தாண்டிடுச்சு" என்றார் ஸ்பேனர்.

"மாமா, எஞ்சின் வலது பக்கம் சூடாகுது" என்று கிளினிக்கிலிருந்து மைத்துனர் குரல் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்கு இடது பக்கமாவே ஓட்டச் சொல்லுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம்."

அப்போது எதிரே ஒரு சின்னக் கலம் வந்தது. தனி ஆள். 'ஒத்தைக்கொம்பு' என்று பெயர். வந்ததும் சுடத் தொடங்கினான். டெலிபோன் அக்கா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, "வணக்கம். உங்க பிரச்சினை என்னன்னு சொல்லுங்க" என்றார்.

"அக்கா, சுடுங்க" என்றேன்.

"பேரு, விலாசம், எத்தனையாவது மாடின்னு குறிச்சுக்காம எப்படிங்க சுடுறது?"

இந்த நேரத்தில்தான், மணி பன்னிரண்டு இருபது இருக்கும், புகார்த் தொலைபேசி அடித்தது. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் மட்டும் அடிக்கிற போன் அது.

"போன் அடிக்குது" என்றேன்.

"வழக்கமா யாரு எடுப்பாங்க?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். ஆனா இப்ப பீரங்கியில இருக்கேன். இருக்கையை விட்டு யாரும் எழுந்திரிக்கக் கூடாதுன்னு உட்பிரிவு எட்டுல இவரே எழுதியிருக்காரு" என்றார் அக்கா. முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு வரியையாவது ஒருவர் மதிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

ஸ்பேனர் பாதி எழுந்துவிட்டார். "நான் எடுக்கிறேன் சார்."

"வழி பாக்கிறவர் எழுந்தா கப்பல் எங்க போகும்? டீமைப் பாதியில விட்டுட்டுப் போற புத்தி நல்லதில்ல. உக்காருங்க" என்றார் மேனேஜர்.

பழுது பார்க்கிறவன் என்ற முறையில் நான் அப்போது சும்மாதான் இருந்தேன். ஆனால் சும்மா இருக்கிறவர் தன் இருக்கையிலேயே சும்மா இருப்பதும் கூட்டுப்பணிதான் என்று இணைப்பு 'ஆ' தெளிவாகச் சொல்கிறது. போன் அடித்து ஓய்ந்தது.

"அவசரம்னா திரும்ப அடிப்பாங்க" என்றார் மேனேஜர்.

திரும்ப அடித்தார்கள்.

"பாத்தீங்களா, அவசரம்தான்" என்று அவர் திருப்தியோடு தலையசைத்துவிட்டு, ஒத்தைக்கொம்புக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைச் சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்தார். அரை மணி நேரம் போன் விட்டு விட்டு அடித்தது. நாங்கள் ஐவரும் ஒருவருக்கொருவர் உறுதுணையாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மைத்துனர், "ஒரு நிமிஷம் மாமா, எங்க அக்கா என் மொபைல்ல கூப்பிடுறா. ஸ்பீக்கர்ல போடுறேன்" என்றார்.

"டேய், உன் மாமா மொபைலை அணைச்சு வச்சிருக்காரு. அவரு ஆபீஸ்ல போனையும் எடுக்க மாட்டேங்குறாங்க. எங்க வீட்டு லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்குது. அரை மணி நேரமா உள்ள இருக்கேன்." என் மனைவியின் குரல்.

"யாரு இது? ஆறாவது ஆளுக்கு அனுமதி இல்லையே" என்றார் மேனேஜர்.

"நான் உங்க கண்காணிப்பாளரோட மனைவி சார்."

"அம்மா, புகார்னா முறைப்படி புகார் எண்ணுக்குத்தான் வரணும்."

"அந்த எண்ணுக்கு இருபத்தேழு தடவை போட்டாச்சு. இப்பவும் என் பக்கத்துல ஒரு பெரியவர் போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. நல்லாக் கேளுங்க, உங்க முதுகுக்குப் பின்னாடிதான் அடிக்கும்."

அடித்தது.

ஸ்பேனர் காதுக் கருவியைக் கழற்றி வைத்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். மனைவி லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த உட்பிரிவிலும் நான் எழுதியிருக்கவில்லை. ஓடிப்போய் அவருடைய வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழி பார்க்க ஆளில்லாத கலம் பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு ஒரு சூரியனில் விழுந்து எரிந்ததாகப் பிறகு தெரிந்தது. "சூரியனை விட்டு விலகுமாறு அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்பது தலைவரின் கடைசி ஆணை. டெலிபோன் அக்கா கடைசி நிமிடத்தில் ஒத்தைக்கொம்பின் விலாசத்தை வாங்கிவிட்டாராம். மாடி எண் மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் குடியிருப்புக் கட்டடத்தில் ஸ்பேனர் மொட்டை மாடி இயந்திர அறைக்கு ஏறிப்போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். நான்கு நிமிட வேலை. லிஃப்ட் மெல்ல இறங்கி இரண்டாவது மாடியில் நின்றது. கதவைத் திறந்தேன்.

உள்ளே என் மனைவி, ஒரு பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், குளிர்சாதனப் பெட்டி தூக்கி வந்த இரண்டு தொழிலாளிகள். பெட்டியை ஒரு மூலையில் ஒதுக்கி எல்லோருக்கும் நிற்க இடம் செய்திருந்தார்கள். காற்று வரட்டும் என்று கதவில் ஒரு கையகலம் இடுக்கு விழும்படி தொழிலாளிகள் இருவரும் முறைவைத்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். அட்டைப் பெட்டியைக் கிழித்துச் செய்த விசிறியால் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிவிட்டது. யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"உங்க வீட்டுக்காரம்மாவா தம்பி?" என்றார் பெரியவர். "எனக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. பயப்படக்கூட நேரம் குடுக்கல. என் போனையே என் கையில குடுத்து, விடாம அடிங்கன்னு வேலை வச்சுட்டாங்க."

எந்த முன்மொழிவும் இல்லாமல் அவள் இதை எப்படிச் சமாளித்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐந்து. படியில் இறங்கி வந்த ஸ்பேனரிடம், "தம்பி, என்னைக் கொஞ்சம் ஸ்கூல்ல விட முடியுமா?" என்று கேட்டாள்.

வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் அலுவலகத்துக்கு நடந்து போனேன். வெயில் நன்றாக இருந்தது. சிந்திக்க நிறைய நேரம் கிடைத்தது. சிந்திக்கப் பிடிக்கவில்லை.

இருபது நிமிடம் தாமதமாக, உடையில் கிரீஸ் கறையோடு அவள் நேர்காணல் அறைக்குள் போயிருக்கிறாள். ஏன் தாமதம் என்று கேட்டார்களாம். சொன்னாளாம். இக்கட்டான நேரத்தில் ஒரு குழுவை எப்படி நடத்துவீர்கள் என்பதுதான் அவர்கள் வைத்திருந்த அடுத்த கேள்வியாம். "இப்பத்தான் நடத்திட்டு வர்றேன்" என்றாளாம். இதையெல்லாம் மைத்துனர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் அவள் நான்கு நாட்கள் பேசவில்லை. ஐந்தாம் நாள் வேலை கிடைத்த கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நன்றாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

அந்த வார இறுதியில் விளையாட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைப் படிவத்தை அச்செடுத்து, கையால் நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசிக் கேள்வி மிக ஆழமானது. "தனி ஒருவரால் செய்ய முடியாத எந்தக் காரியத்தை உங்கள் குழு ஒன்றுசேர்ந்து செய்து முடித்தது?"

தோழமை, தியாகம், தன்னல மறுப்பு என்று தொடங்கிப் பாதிப் பக்கம் எழுதியிருந்தேன். புதிய தலைமையாசிரியை என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். நான் எழுதியதை ஒரே கோட்டில் அடித்துவிட்டுக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினாள்:

"தனி ஆளாக இருந்திருந்தால் ஐந்து பேரில் எவரானாலும் அந்தப் போனை எடுத்திருப்பார். எடுக்காமலேயே இருக்க ஐந்து பேரும் தேவைப்பட்டார்கள்."