பேச மட்டும் போதும், நெட் வேண்டாம்

அண்ணாமலை நகர்,
சிதம்பரம்.
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் உள்ள மச்சான் செந்தமிழ்செல்வனுக்கு, உன் அக்காள் புருஷன் கலியமூர்த்தி எழுதிக்கொண்டது. கடலூர் முதுநகரில் நீயும், தங்கச்சி சந்திரலேகாவும், பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தில்லைக் காளி துணையிருக்கட்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் தபாலில் கடிதம் போடுகிறான், மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று உனக்குத் தோன்றும். பிசகவில்லை. என் போன் நின்றுபோய்விட்டது. கெட்டுப்போகவில்லை, மணி காட்டுகிறது, டார்ச் அடிக்கிறது, சட்டைப் பையில் வைத்தால் இருட்டைத் தானாகவே படம் எடுத்து வைக்கிறது. பேசுவது ஒன்றுதான் முடியாது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகள் கயல்விழி வீட்டுக்குப் போய் உன் அக்காவை பஸ் ஏற்றி அனுப்பு. மற்றதெல்லாம் நான் வயிற்றெரிச்சலில் எழுதுவது, பொறுமை இருந்தால் படி.

கயல்விழி பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்ததும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள உன் அக்கா பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு கடலூருக்குக் கிளம்பினாளே, அன்றைக்கு என்ன சொன்னாள் தெரியுமா? "ஒரு ஆயா கெடைக்கிற வரைக்கும்தாங்க. கெடச்சதும் வந்துடுவேன்." இன்னும் கிடைக்கவில்லையாம். ஏன் மச்சான், அத்தனை பெரிய ஊரில் ஒரு ஆயாகூடவா இல்லை? நீங்களும் அங்கே போய் இருக்க வேண்டியதுதானே மாமா என்பாய். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைக்கலாம்; ராத்தங்குவது நம் பழக்கத்தில் உண்டா? மாப்பிள்ளை இளவரசு தங்கமான பையன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவன் வீட்டு சோபாவில் நான் லுங்கியோடு உட்கார்ந்து முதுகு சொறிய முடியுமா?

அவள் போன கொஞ்ச நாளிலேயே என் பட்டன் போன் ரசத்தில் விழுந்தது. லாட்ஜ் பையன்களுக்கு மெஸ் நடத்திய காலத்தில் என் அண்டாவில் எதெதுவோ விழுந்திருக்கிறது, ஒரு தடவை சமையல்காரருடைய மூக்குக் கண்ணாடியே விழுந்தது, கழுவிக் கொடுத்தோம், போட்டுக்கொண்டார். இந்த போன் மட்டும் ஓர் ஆள் சாப்பிடும் ரசத்தில் மூழ்கி உயிரை விட்டது. விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை தன்னுடைய பழைய தடவுகிற போனைக் கொடுத்தனுப்பினான். வாட்ஸ்அப் எல்லாம் ஏற்றித்தான் கொடுத்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தினமும் சாயங்காலம் உன் அக்கா கூப்பிடுவாள், அது போதும். என்ன பேசுவாள் என்கிறாயா? கத்திரிக்காய் அத்தனையும் சொத்தை, குழந்தை குப்புற விழுந்துவிட்டது, தேவனாம்பட்டினத்துக்குக் காற்று வாங்கப் போனோம், செருப்பெல்லாம் மணல். இவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இலையில் சோறு போட்டுக்கொள்ளத் தோன்றும்.

மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த ரீசார்ஜ் பேக் முடிந்துபோனது. பிரிசில்லாவின் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். நல்ல பெண், அவளுடைய அண்ணன் என் மெஸ்ஸில் சாப்பிட்டுப் படித்தவன். "பேசறதுக்கு மட்டும் போடும்மா" என்றேன்.

"நெட்டோடதான் மாமா வரும். தெனம் இவ்ளோ ஜிபின்னு."

"எனக்கு ஜிபி வேணாம்மா."

"வேணாம்னா சும்மா வச்சிக்குங்க. ஆனா வாங்கித்தான் ஆவணும்."

இது எந்த ஊர் நியாயம்? கர்சீப் கேட்டுப் போனவனிடம் பட்டுப்புடவையையும் சேர்த்து எடு, கட்டாவிட்டால் பரவாயில்லை என்று எந்த ஜவுளிக்கடைக்காரனாவது சொல்வானா? நான் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மாமா, இந்த மாதிரி போனு சும்மா கெடக்காது. நீங்க தூங்கனாலும் அது பாட்டுக்கு உள்ள நெட்ட இழுத்துக்கிட்டே இருக்கும். பிளான் இல்லாம உட்டா, பேசறதுக்கு வச்சிருக்கறதையும் தின்னுட்டுப் போயிடும். அப்புறம் காச காணோம்னு நீங்க வந்து என் கடையிலதான் கத்துவீங்க. இப்ப பேச்சே நெட்டு மாதிரிதான் போவுது. கம்பெனிக்காரனுக்குப் பேச்சுல ஒண்ணும் நிக்கறதில்ல, நெட்டுலதான் பொழப்பே. அதான் ஒண்ணா கட்டித் தர்றான்."

"வேண்டாதவன் தலையிலயும் கட்டுவானா?" என்றேன்.

"எங்கண்ணன் மஞ்சக்காமாலையில கெடந்து வெறும் மோரு சோறு தின்னப்ப நீங்க முழு மெஸ் பில்லுதானே மாமா போட்டீங்க?"

எப்படி இருக்கிறது பார். அது வேறு மச்சான்! அடுப்பு என்பது எல்லோருக்கும் சேர்த்து எரிவது, ஒருத்தன் சாம்பார் தின்னவில்லை என்பதற்காக அதை அணைத்து வைக்க முடியுமா? இதை அவளிடமும் சொன்னேன். "டவரும் அப்பிடித்தான் மாமா, எல்லாருக்கும் சேத்துதான் எரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஜெராக்ஸ் போடப் போய்விட்டாள்.

விடுவேனா? பேச மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருப்பதாகப் பேப்பரில் படித்த ஞாபகம் வந்து, அதைக் கேட்டேன். "இருக்கு மாமா. ஆனா மொத்தமா மூணு மாசத்துக்கு எடுக்கணும்" என்றாள். மூன்று மாதத்துக்குப் பேச்சு வாங்குவது என்றால் என்ன அர்த்தம்? மூன்று மாதத்துக்கு உன் அக்கா வரமாட்டாள் என்று நானே என் வாயால் ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஐப்பசி வந்துவிடும் மச்சான், மழை பிடித்துவிடும். சந்தோஷமாக இரு என்று அவளை அங்கேயே விட்டுவிட்டதாக ஆகாதா? அப்படி ஒரு அச்சானியமான ரீசார்ஜ் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நெட்டோடும் வேண்டாம், மூன்று மாதமும் வேண்டாம். அவன் இறங்கி வரட்டும், இல்லையென்றால் உன் அக்கா வரட்டும்.

இரண்டு பேருமே வரவில்லை. கம்பெனிக்காரன் முதலில் என் பேச்சை நிறுத்தினான். இவன் யார் நிறுத்த, அவள் கூப்பிடுவாளே என்று தெம்பாக இருந்தேன். பிறகு அவள் கூப்பிடுவதும் நின்றது. அதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. மிக்ஸியைப் போடக்கூடப் பயமாக இருக்கிறது, நிறுத்தினதும் ஜாஸ்தியாக அமைதி ஆகிவிடுகிறது. காப்பியை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, சிங்க்கில் ஊற்ற மனசு வராமல் இரண்டையும் நானே குடித்து வயிறு புண்ணாகிக் கிடக்கிறது. எனக்கு உன் அக்கா வேண்டும் மச்சான். இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மச்சானுக்கு எழுதுவது என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

பக்கத்து வீட்டு தேவசகாயம் சார் போனில் ஒரு நாள் பேசிப் பார்த்தேன். மனுஷன் போனைக் கொடுத்துவிட்டு நகரவே இல்லை, மரியாதைக்கு நாற்காலி வேறு போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பெண்டாட்டியிடம் என்ன பேசுவது? "அமிர்தம், கேஸ் புக் எங்க?" என்றேன். "அலமாரி மேலதாங்க" என்றாள். "எதுக்குமே உங்ககிட்டேருந்து பதில் இல்லையேங்க" என்றாள். கேள்வியே வராதபோது எங்கேயிருந்து பதில் சொல்வது? அதைக் கேட்கலாம் என்றால் சார் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறார். "சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். கேஸ் புக் எனக்கு எதற்கு, சிலிண்டர் வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

ஆகையால் மச்சான், என் முடிவை எழுதிவிடுகிறேன். பேச மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும் தருகிற வரைக்கும் என் கையால் ரீசார்ஜ் கிடையாது. கடலூர் வாசலை நான் மிதிக்கப்போவதும் இல்லை. நீ உடனே உன் அக்காவை அனுப்பி வை. கயல்விழிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். குழந்தைக்கு ஒரு முத்தம், கன்னத்தில் வேண்டாம், எச்சில் பட்டால் பரு வரும், உள்ளங்காலில் கொடு. உன் பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் ஓங்கி வளரட்டும்.

இப்படிக்கு,
வாயிருந்தும் பேச வழியில்லாத
கலியமூர்த்தி

பி.கு.: மேலே உள்ளது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. தபால் பெட்டிக்குப் போகிற வழியில் கவர் ஒட்டப் பிரிசில்லாவிடம் பசை கேட்டேன். "பச தர்றேன், போன குடுங்க" என்று வாங்கி, அவள் போனிலிருந்த நெட்டை என் போனுக்குத் திருப்பிவிட்டாள். "உள்ள இன்னாதான் இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க மாமா" என்றாள். டிங் என்றது. மறுபடி டிங். நிற்கவே இல்லை. அத்தனையும் உன் அக்கா. வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பியிருக்கிறாள் மச்சான், என் போன் நின்றதிலிருந்து ஒரு சாயங்காலம் விடாமல்.

"ஏங்க, போன் போட்டா போவல. இதுல பேசினா உங்களுக்கு வந்துடும்னு கயலு சொல்றா. பிரஷர் மாத்திர போட்டீங்களா?" "ஏங்க, கொழந்த இன்னிக்கு 'தா'ன்னுச்சு. தாத்தான்னுதான் சொல்லுது, எனக்குத் தெரியாதா." "ஏங்க, கோவமா? கோவம்னா கோவம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சத்தமில்லாம இருந்தா நான் இன்னான்னு நெனைக்கறது?" கடைசியாக வந்தது நேற்றுடையது. "இங்க எல்லாரும் இருக்காங்க, நீங்க இல்லாம ஒண்ணும் புடிக்கலங்க. வாங்கன்னு நான் எப்பிடிக் கூப்புடுவேன்? ராத்தங்க மாட்டீங்களே."

நான் கடை வாசலில் நின்று அழுதேன். பிரிசில்லா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வெறும் வெள்ளைத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். "நெட்டோடவே போடும்மா" என்றேன்.

இதைக் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுவது அதனால்தான். கடிதத்தை நானே உன் கையில் தருகிறேன், என் எதிரில் பிரிக்காதே. பஸ் கிளம்புவதற்கு முன்னால் அவளுக்குப் பதில் சொல்லலாம் என்று பிரிசில்லா காட்டிக் கொடுத்த மைக்கை அழுத்திப் பிடித்தேன். இத்தனை நாள் சேர்த்து வைத்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை. இருமல்தான் வந்தது. விரலை எடுத்ததும் அது போய்விட்டது. போனைப் பையில் வைப்பதற்குள் பதில் வந்தது:

"இருமறீங்களே. கண்டக்டர் கடலூர் கடலூர்னு கத்தறது கேக்குதுங்க. வாங்க, பாய் போட்டு வைக்கிறேன்."