பொது டேப்

புரோகிராமில் தண்ணீரின் அடர்த்திக்கான எண்ணில் தசமப் புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தது. தோத்தாத்ரி அந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

எழுதியது அவரேதான். இரும்புலியூரில் இருந்த அந்த அணு உலைக் கணக்கீட்டு மையத்தில் ஐந்து குழுக்கள் கம்ப்யூட்டருக்குள் உலையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே தண்ணீருக்கு ஐந்து பேரும் ஐந்து கணக்கு. "எல்லாருக்கும் ஒரே புரோகிராம் போதும் சார்" என்று டைரக்டரை நச்சரித்து, பொது புரோகிராம்களை ஒரு காந்த டேப்பில் ஏற்றி, எண்பத்தெட்டு ஜனவரியில் டேப் அறையில் வைத்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய்க் காப்பி செய்துகொள்ள வேண்டும். எல்லோரும் இதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்று உத்தரவும் வாங்கினார்.

இப்போது ஜூலை. தண்ணீர் பத்தில் ஒரு பங்காக இளைத்துக் கிடந்தும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தன் மனம் நோகக் கூடாதென்று பொறுத்திருக்கிறார்களே என்று நினைத்ததும் அவருக்கு உடம்பே கூசியது.

சத்தமில்லாமல் டேப்பைத் திருத்தினார். அப்புறம்தான் மற்றவர்களிடம் இருக்கும் காப்பிகள் ஞாபகம் வந்தன. "மெருகேற்றிய டேப் தயார். பழைய காப்பிகளை அழித்துவிடவும்" என்று பூசி மெழுகி ஒரு சர்க்குலர் விட்டார்.

டைரக்டர் யக்ஞநாராயணன் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன மெருகு தோத்தாத்ரி? யார் யார் கணக்குல என்ன மாறறதுன்னு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல அஞ்சு குழுவும் சொல்லட்டும்."

மூடி மறைக்கப் போய் ஊரைக் கூட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை தோத்தாத்ரி தலைகுனிந்து எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடது சார். புள்ளி மாறிடுத்து."

"அதானே பார்த்தேன்!" என்று ஒரு குழுவின் தலைவர் வேதாசலம் துள்ளினார். "எங்க ரிப்போர்ட் இத்தனை மாசமா முடியாததுக்கு இதான் சார் காரணம்!"

"எங்களுக்கும்தான் சார்!" என்றார்கள் மற்ற நால்வரும்.

"அஞ்சு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுங்கோ" என்றார் டைரக்டர்.

எழுதினார். ஐந்துக்கும் ஒரே வாசகம். அதுவாவது பொதுவாக இருக்கட்டும். கடிதத்தில் குறிக்க வேண்டிய தேதிகளைச் சரிபார்க்க டேப் அறைக்குப் போனபோது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?" என்றாள் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் அருள்மேரி.

"அஞ்சு பேரோட உழைப்பைப் பாழாக்கிட்டேன்மா. யார் யார் என்னிக்கு டேப் எடுத்தான்னு பார்க்கணும்."

ரிஜிஸ்டரில் வரிசையாக ஐந்து கையெழுத்து. எல்லாம் பிப்ரவரி தேதி.

"பிப்ரவரியா?" அருள்மேரி சிரித்துவிட்டாள். "அஞ்சு பேரும் நேத்து சாயந்தரம் வந்து கையெழுத்து போட்டுட்டுப் போனாங்க சார். நீங்க வச்ச நாள்லேந்து அந்த டேப்ப உங்களத் தவிர ஒருத்தரும் தொட்டதில்ல."