முத்திருளன் லோடர் பார்க்கப் போகிறார்

ஓய்வு பெற்றவர்களில் பல இனங்கள் உண்டு. வாக்கிங் போகிறவர், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பியே ஊரைக் கொல்கிறவர், அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளராகி மோட்டார் ரூம் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறவர் என்று எல்லோரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது வேறு இனம். பொழுதுபோக்குக்காகப் பழைய வீல் லோடர் தேடுகிறவர்!

வீல் லோடர் தெரியுமல்லவா? பெரிய பெரிய சக்கரம் நாலு, முன்னால் ஒரு ராட்சச இரும்பு பக்கெட். கல்குவாரியில் ஜல்லியை அள்ளி லாரியில் கொட்டுமே, அதுதான். வாய் தவறி "ஜேசிபியா?" என்று கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அது வேறு, இது வேறு என்று உங்களை உட்காரவைத்து விளக்க ஆரம்பிப்பார். உங்கள் காபி ஆறிவிடும், நீங்கள் பிடிக்க வேண்டிய பஸ் போய்விடும், அவர் இன்னும் முன்சக்கரத்தைத் தாண்டியிருக்கமாட்டார்.

மாதிரிக்கு எங்கள் எதிர்வீட்டு முத்திருளனை எடுத்துக்கொள்வோம். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. பணிக்காலம் முழுவதிலும் அவர் தூக்கிய அதிகபட்ச கனம் டிபன் கேரியர். ஓய்வு பெற்ற கையோடு செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். எங்கோ குளிர்தேசத்தில் ஒரு கிழவர், வாசலில் விழுந்த பனியைச் சொந்த லோடரால் தள்ளிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், நம்ம ஆள் சாய்ந்துவிட்டார். அங்கே பனி விழுகிறது, சரி, நம் ஊரில் என்ன விழுகிறது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

திருவாதவூரில் அவருக்குச் சுற்றுச்சுவரோடு சின்னதாக ஒரு மனை உண்டு. அதில் மல்லிகை போட வேண்டும் என்பது அவர் மனைவி சீனியம்மாளின் வெகுநாள் ஆசை. மொட்டைமாடியில் பிளாஸ்டிக் பைகளில் பதியன் வைத்து, பிள்ளை வளர்க்கிறமாதிரி வளர்த்து வந்தார். ஐப்பசி மழைக்குமுன் அவற்றைத் தரையில் வைத்தாக வேண்டும், இல்லையென்றால் பைக்குள்ளேயே வேர் சுருண்டு எல்லாம் வீண். ஆனால் வைக்க இடம் வேண்டுமே! பக்கத்து நிலத்தில் கிணறு தோண்டிய மண் பூராவும் அங்கேதான் மேடாகக் கிடந்தது.

அஸ்திவாரத்துக்கு ஆகும், காசு வேண்டாம், நாங்களே அள்ளிக்கொள்கிறோம் என்று ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். முத்திருளன் விட்டாரா?

"அம்புட்டு மண்ணையும் நீங்க அள்ளிட்டா, நாளைக்கு லோடரு வந்து என்னத்த அள்ளும்?"

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். முத்திருளன் அதோடு நிற்கவில்லை. மழையில் மண் கரைந்துவிடக்கூடாது என்று தார்ப்பாய் வாங்கி மேட்டைப் போர்த்திவிட்டார். லோடருக்கென்று அவரிடம் இருந்த ஒரே வேலை அந்த மேடுதான். அதையும் இழக்க அவர் என்ன முட்டாளா?

இனி லோடர் பார்க்கிற படலம். ரிங் ரோட்டில் பழைய வண்டிகள் விற்கிற சிராஜின் யார்டுக்கு ஞாயிறுதோறும் பெண் பார்க்கப் போவதுபோலச் சொந்தபந்தங்களோடு போவார். என்னையும் இழுத்துப் போவார். முதலில் டயரை உதைப்பார். டயர் ஏதோ பதில் சொன்னதுபோலத் தலையாட்டுவார். ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார். பிறகு ஏறி சீட்டில் உட்காருவார். ஏறத் தெரியும், இறங்கத்தான் ஆள் வேண்டும்.

"குவாரிக்காரரு கண்ணுகணக்கா வச்சிருந்த வண்டிண்ணே," என்பார் சிராஜ்.

"எல்லாஞ் சரி தம்பி. நம்பரக் கூட்டிப் பாத்தியா? எட்டு வருது."

"எட்டு வந்தா மண்ணு அள்ளாதாண்ணே?"

"அள்ளும். அள்ளுன மண்ணு வெளங்காது."

அடுத்த வண்டிக்கு முகத்தில் களை இல்லை. அதற்கடுத்தது ரிவர்ஸ் எடுக்கும்போது ஒப்பாரி வைக்கிற சத்தம் கொடுத்தது. நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி அழலாமா? இதற்குள் யார்டுக்கு வரும் மற்ற வாடிக்கையாளர்கள் முத்திருளனையே முதலாளி என்று நினைத்துக்கொண்டு விசாரிக்க, அவரும் கடமை தவறாமல் எல்லா வண்டியின் குறையையும் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார். "யா அல்லாஹ்" என்று சிராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வீட்டில் சீனியம்மாள் கெஞ்சிக்கொண்டிருந்தார். "என்னங்க, வேரு பையக் கிழிச்சிட்டு வெளிய வந்துருச்சு. நாலு ஆள விட்டா ஒரு பொழுதுல அள்ளிருவாக."

"பொறு. லோடர் வரட்டும்."

அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு பூச்செடி வைக்க இத்தனை பெரிய இயந்திரத்தின் அனுமதி வேண்டுமா?

கடைசியில் லோடர் வந்தது. மனுஷனை யார்டைவிட்டுக் கிளப்பினால் போதும் என்று சிராஜ் விலையில் மிகவும் இறங்கிவந்து ஒன்றைத் தள்ளிவிட்டார். டிரைவரையும் அவரே கொடுத்தார். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு முன்னால் பூசை நடந்தது. சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியதுகூட வண்டிக்குத் தெரிந்திருக்காது. சொந்தபந்தம் பூராவும் பக்கெட்டில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

திருவாதவூர் போனால், கேட் சின்னது. வண்டி பெரியது. அளந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? முத்திருளன் கொஞ்சமும் கலங்காமல், "செவத்த இடி" என்றார். சுவர் விழுந்தது. விழுந்த செங்கலையெல்லாம் லோடர் அள்ளி, மண்மேட்டின் மேலேயே கொட்டியது. "பாத்தீகளா, லோடரு இல்லாட்டி இம்புட்டுச் செங்கல யாரு அள்ளுறது?" என்று பூரித்துப்போய் என்னிடம் கேட்டார்.

அப்புறம் வண்டி நடு மனைக்கு வந்து, பக்கெட்டைத் தரையில் வைத்து, ஒரு செருமல் செருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் பஸ் ஏறினார். மெக்கானிக் போனில் "இந்தா வாரேன்" என்றார், வரவில்லை. அழகர்மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மண்ணை அள்ளியதும் நட்டுவிடலாம் என்று சீனியம்மாள் பதியன்களையும் எருவையும் கூடவே கொண்டுவந்திருந்தார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மண்வெட்டியும் சட்டியும் எடுத்தார். மேட்டு மண்ணை வெட்டி வெட்டி லோடரின் பக்கெட்டில் கொட்டி நிரப்பினார். எருவைக் கலந்து, வரிசையாகப் பதியன்களை நட்டு, தண்ணீரும் ஊற்றினார். பழைய வண்டியல்லவா, துருப்பிடித்த ஓட்டைகள் வழியே அதிகத் தண்ணீர் தானாக வடிந்தது.

"ஏய், ஏய், அது பக்கெட்டு!" என்று முத்திருளன் பதறினார்.

"தெரியுது. இதத் தூக்கணும்னு யாராச்சும் வந்தீக, அம்புட்டுத்தான்."

மல்லிகை இப்போது பொங்கிப் பூக்கிறது. மெக்கானிக் ஒருவழியாக வந்தபோது சீனியம்மாள் மண்வெட்டியோடு குறுக்கே நின்றார். வந்தவர் பூவை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். முத்திருளன் மனம் தளரவில்லை. மிச்ச மண்ணையும் செங்கலையும் யார் அள்ளுவது? மறுபடி சிராஜுக்குப் போன் போட்டார். "தம்பி, பக்கெட் காலியா இருக்கிற வண்டி எதும் இருக்கா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். வண்டி நடுவில் நின்றுபோனது என்று படித்தபோது, ஐயோ அந்த அம்மாளின் செடி என்று நினைத்தீர்களா, இல்லை, டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தீர்களா? இரண்டாவது என்றால், நாளைக்கே உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு நல்ல மண்வெட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.