நாய்க் கொட்டகையில் நடந்த முறைகேடு

உலகம் தோன்றிய நாள்முதல் நாய்களுக்காக மனிதர்கள் செய்த தியாகங்களை யாராவது வரலாறாக எழுதினால், அதன் முதல் அத்தியாயத்தை எங்கள் டோன்யா லிபா விலங்குநலச் சங்கத்துக்குத்தான் ஒதுக்கவேண்டும். செர்பியாவில் வேறெந்த ஊரிலும் நாய்களுக்காக இத்தனை பேர் இவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் இடுப்புவலியே அதற்குச் சாட்சி.

எங்கள் நாய்கள் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வசிக்கின்றன. அவற்றுக்குத் தீனி போடுவது, உண்ணி பிடுங்குவது, புண்ணுக்கு மருந்து வைப்பது போன்ற சில்லறை வேலைகளைத் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தெசாங்கா அக்கா கவனித்துக்கொள்கிறார். சிந்திக்கும் வேலையைச் சங்கம் கவனித்துக்கொள்கிறது. வேலைப் பிரிவினை என்றால் இப்படி இருக்கவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலத்தில், கோஷாவா என்னும் எங்கள் பக்கத்துக் குளிர்காற்று கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் ஆற்றில் போட்டது. தெசாங்கா அக்கா சேற்றுக் காலணியோடு நேரே கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி வெலிபோரு, மூணு குட்டி நனைஞ்சே செத்துப்போச்சு. அடுத்த குளிருக்குள்ள தகரம் போடலைன்னா மிச்சமும் தங்காது, சொல்லிட்டேன்."

தலைவர் வெலிபோர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். இளகிய மனசு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, கூரை பறந்ததுங்கிறது வெறும் விளைவு. நாம மூல காரணத்தைப் பார்க்கணும்."

"மூல காரணம் காத்துடா."

"அது உள்ளூர்ப் பார்வை. நமக்கு உலகப் பார்வை வேணும்."

உலகப் பார்வை என்றால் நிதி. வடக்கே ஒரு பணக்கார நாட்டில், உலகத்து விலங்குகளுக்கெல்லாம் உதவுவதற்கென்றே ஓர் அறக்கட்டளை இருந்தது. அதன் விதிமுறைகளை நான் இரவு பகலாகப் படித்தேன். பயிற்சிக்குப் பணம் உண்டு, விழிப்புணர்வுக்கு உண்டு, 'திறன் மேம்பாட்டுக்கு' தாராளமாக உண்டு. கூரை, சுவர், தரை ஆகியவற்றுக்குக் கிடையவே கிடையாது. எங்கேயோ யாரோ நாய்க் காப்பகம் என்று சொல்லி மாமியாருக்கு வீடு கட்டிவிட்டாராம், அதிலிருந்து இந்த விதி. யோசித்துப் பார்த்தால் அவர்கள் ஞானிகள். தகரம் துருப்பிடிக்கும். விழிப்புணர்வு துருப்பிடிக்குமா?

ஆகவே கோடையில் ஒரு மாபெரும் விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தினோம். பேச்சாளர்கள் பெல்கிரேடிலிருந்து வந்து, நாய்க்கும் மனிதனுக்கும் இடையிலான உறவு மேம்படவேண்டும் என்று மத்தியானச் சாப்பாடுவரை வற்புறுத்தினார்கள். தெசாங்கா அக்காவுக்கு ஒரு துணிப்பையும் சான்றிதழும் வழங்கப்பட்டன. அக்கா சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் கொட்டகைமேல வெச்சா எத்தனை நாயை மறைக்கும்?"

"லாமினேட் பண்ணியிருக்கு அக்கா, நனையாது" என்றேன். எங்கள் தரத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது.

இலையுதிரும் காலத்தில் அறக்கட்டளையிலிருந்து சுன்னிவா என்ற இளம் அதிகாரி பார்வையிட வந்தாள். எங்கள் மொழியை நன்றாகவே பேசினாள். நாங்கள் அவளுக்குக் கருத்தரங்கின் படங்களைக் காட்டினோம். அவளோ அனுபவம் போதாதவள், நாய்களைப் பார்க்கவேண்டும் என்றாள். அன்றைக்கென்று மழை. கொட்டகையில் அத்தனை நாயும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன. அக்கா நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். குடை நாய்களுக்கு.

சுன்னிவாவின் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"கூரைக்குப் பணம் தர முடியாதுங்க. ஆனா கூரை போடச் சொல்லிக்குடுக்கலாம். பயிற்சிக்கு வேண்டிய பொருளு அனுமதிக்கப்பட்ட செலவுதான்."

"பயிற்சி முடிஞ்சப்புறம் அந்தப் பொருளு?"

"பிரிச்சு வைக்கணும்னு விதி. யாரும் ஏறிப் பார்க்கப்போறதில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அறிக்கையில எங்கயும் கூரைன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்துச்சுன்னா பிரிக்கச் சொல்லிருவாங்க."

அப்படிப் பிறந்ததுதான் 'விலங்குகளின் மேற்புறச் சூழல் மேலாண்மைப் பயிற்சி முகாம்'. பயிற்சியாளர், ஊரில் பாதிக் கூரைகளை ஏற்றிய தச்சர் ஜிவாதின். பயிற்சி பெற்றவர்கள் அவருடைய இரண்டு மகன்கள், ஒரு மச்சான். எல்லோரும் பிறந்ததிலிருந்து சுத்தியல் பிடித்தவர்கள்.

"மாமா, இந்தப் பயிற்சியில புதுசா என்ன கத்துக்கிட்டீங்கன்னு எழுதணும்" என்றேன் ஜிவாதினின் மச்சானிடம்.

"தச்சு வேலைக்குக் கூலி ஒழுங்கா வரும்னு கத்துக்கிட்டேன், எழுதிக்க."

காற்று தொடங்குமுன் தகரம் ஏறிவிட்டது. உள்ளே நாய்கள் மேலே பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டுச் சுருண்டு படுத்தன. தெசாங்கா அக்கா தகரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் ஜிவாதின் கூரை உச்சியில் கால் பரப்பி உட்கார்ந்துகொண்டு, இறங்கமாட்டேன் என்றார்.

"சட்டை எங்கய்யா?"

கூரை ஏறினால் உச்சியில் வேலைக்காரர்களுக்குப் புதுச்சட்டையும் துண்டும் கட்டித் தொங்கவிடவேண்டும், வீட்டுக்காரர் கீழே நின்று பிளம் சாராயம் ஊற்றவேண்டும். எங்கள் பக்கம் பன்றித் தொழுவத்துக்குக்கூட இது நடக்கும்.

"மாமா, இது கூரை இல்ல, பயிற்சி" என்று கெஞ்சினேன்.

"பயிற்சியா? சரி, பிரிச்சுடறேன். டேய், கடப்பாரையை எடுடா!"

வெலிபோர் கடைத்தெருவுக்கு ஓடினார். வெள்ளைச் சட்டைகள் வந்தன, அக்கா தன் புதுத் துண்டுகளைக் கொண்டுவந்தார், கூரை உச்சி கல்யாண வீடாக மாறியது. சாராயம் சுற்றில் வந்தது. யாரோ படம் எடுத்தார்கள். அதில் வெலிபோர் பத்து வயது குறைந்து தெரிந்ததால், படத்தை அறிக்கையின் அட்டையில் போடும்படி ஆகிவிட்டது.

அறக்கட்டளைத் தலைமையகத்துத் தணிக்கையாளர்களிடமிருந்து கேள்வி வந்தது: "படத்தில் துணிகள் காயப்போடப்பட்டுள்ளன. திட்டத்தில் சலவைக்கு அனுமதியில்லை. விளக்கவும்."

பக்கத்து வீட்டுத் துணி, எடுத்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. நான் பேனாவை எடுத்தேன். வெலிபோர் பிடுங்கிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"துணி காயப்போட்டதாமா? எங்க பாட்டன் முப்பாட்டன் கூரையில கட்டின சட்டையைச் சலவைன்னா சொல்றான்? மானம் போனப்புறம் நிதி எதுக்குய்யா?"

"தலைவரே, கூரைன்னு மட்டும்…"

"நீ சும்மா இரு!"

எழுதினார். எங்கள் முன்னோரின் பண்பாட்டை உணர்ச்சி பொங்க எழுதினார். முதல் வாக்கியமே "கூரை" என்றுதான் தொடங்கியது. அஞ்சலிலும் சேர்த்துவிட்டார்.

பதில் சுருக்கமாக இருந்தது. கூரையைப் பிரிக்கவேண்டும். இல்லாவிட்டால் எங்களுக்கு இனி எந்த நிதியும் கிடையாது. செய்தி கேட்ட தெசாங்கா அக்கா கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எவன் ஏணியோட வர்றானோ வரட்டும். எல்லா நாயையும் அவுத்து விட்டுருவேன்."

வெலிபோர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். நான்தான் சுன்னிவாவுக்குத் தொலைபேசி செய்தேன். மறுமுனையில் அவள் வெகுநேரம் சிரித்தாள், பிறகு பெருமூச்சு விட்டாள்.

"வேணும்னே கட்டினா குத்தம். தெரியாம நடந்துருச்சுன்னா 'எதிர்பாராத விளைவு'ன்னு ஒரு பிரிவு இருக்கு. மன்னிப்புக் கேட்டு எழுதுங்க, கூரை நிக்கும்."

சங்கம் கூடியது. எல்லா நாற்காலிகளும் நிறைந்தன. நான் எழுதி வாசித்தேன், ஏகமனதாக நிறைவேறியது. "எங்கள் திட்டத்தின்போது, கவனக்குறைவால், நாய்களுக்குப் பயன் விளைந்துவிட்டது. இதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறோம். இனி இத்தகைய தவறு நடக்காது என்று உறுதியளிக்கிறோம்."

அறக்கட்டளை நெகிழ்ந்துபோனது. கூரையும் நின்றது, அடுத்தகட்ட நிதியும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நாங்களும் நன்றி மறந்தவர்கள் அல்ல. கொடுத்த உறுதிமொழியை இன்றுவரை ஒருமுறைகூட மீறியதில்லை.