ஊசி இல்லை, கத்தி இல்லை, புழு உண்டு

டயர் கடை மாடியில் பல்லுக்குப் புழு எடுக்கிறார்கள் என்ற செய்தி பரவிய நாளிலிருந்து, அந்த வட்டாரத்தில் பல் தேய்ப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. எதற்குத் தேய்க்க வேண்டும்? புழு இருந்தால் புகையரசர் எடுத்துவிடப் போகிறார்!

காலை ஆறு மணிக்கே படிக்கட்டு நிரம்பிவிடும். வரிசையின் வால் டயர் கடையைத் தாண்டி, சாவிக் கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நீளும். பஸ்சுக்காக நின்றவர்கள்கூட, பஸ்தான் வரவில்லையே என்று மேலே போய் இரண்டு புழுவைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வாசலில் பெரிய பலகை தொங்கியது. "ஊசி இல்லை! கத்தி இல்லை! புழு உண்டு!" அதன் கடைசி இரண்டு சொற்களைப் படித்ததும் நமக்குக் குமட்ட வேண்டும். அவர்களுக்கோ ஆசை வந்தது.

காரணம், புகையரசரின் தத்துவம். பல்வலி என்பது பல்லின் கோளாறே இல்லையாம். நம்மைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரின் எரிச்சலும் ஒரு புழுவாக மாறி நம் பல்லில் வந்து குடியேறிவிடுகிறதாம். எரிகிற வயிற்றிலேயே அது இருந்து தொலைத்தால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு புழு என்றால் ஒரு எதிரி. எட்டுப் புழு என்றால், நம் வளர்ச்சி பொறுக்காமல் எட்டுப் பேர் வேகிறார்கள் என்று அர்த்தம். சும்மா சொல்லக் கூடாது, இவ்வளவு பெருமையான நோய் வேறு எங்கும் கிடைக்காது.

ஆகவே படியிறங்கி வருகிறவர்கள், தங்கள் புழுக்களை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"உங்களுக்கு எத்தனைங்க?"

"ஆறு."

"ஆறுதானா? எனக்குப் பதினொண்ணு!"

"பதினொண்ணா! அத்தனை பேரு வயிறெரியற அளவுக்கு அப்படி என்ன வெச்சிருக்கீங்க?"

"போன மாசம் வீட்டுக்குப் புதுக் கதவு போட்டேன்."

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டபடி, கன்னத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார் தையல்காரர். போன வாரம் இவருக்கு வந்தது மூன்றே புழு. வலியைவிட அந்த மூன்றுதான் அவரை அதிகம் வாட்டியது. இருபத்திரண்டு வருஷம் கடை நடத்தியும் மூன்று பேருக்குத்தான் பொறாமையா?

உண்மையில் இவர் முதலில் பல் டாக்டரிடம்தான் போனார். டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நூலைப் பல்லால கடிப்பீங்களா?" என்று கேட்டார். இவர் தலையாட்டினார். "அதான் இந்தப் பக்கம் தேஞ்சு ஓட்டையாயிருக்கு. பரவாயில்லை, வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி அடைச்சா பல்லைக் காப்பாத்திடலாம். மரத்துப்போறதுக்கு ஒரு ஊசி போட்டுட்டு ஆரம்பிக்கிறேன்."

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். கழுத்தில் கட்டிய காகிதத்தோடு தையல்காரர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து மாலை வரை ஊசியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன்! சட்டைப் பையில் நாலு ஊசி, உதட்டோரத்தில் ஆறு குண்டூசி, மிஷினில் ஒன்று. அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாள் பூரா குத்திக்கிட்டேதானே இருக்கீங்க? ஒரு ஊசிக்கு இந்த ஓட்டமா?"

"நான் குத்தறது துணியிலம்மா. துணிக்கு நரம்பு கிடையாது."

அப்படித்தான் அவர் டயர் கடை மாடிக்கு வந்து சேர்ந்தார். ஊசி இல்லை என்று பலகையிலேயே போட்டிருக்கிறதே!

அன்று முறை வந்ததும் முக்காலியில் உட்காரவைத்தார்கள். எதிரே புகையரசர், பளபளவென்று நீலக் கோட்டு போட்டு நின்றார். கோட்டில் மூன்றாவது பட்டன் இல்லை. தையல்காரர் கண் அதிலேயே போய்ப் போய் ஒட்டிக்கொண்டது. புகையரசர் வாய்விட்டுச் சிரித்தபோது உள்ளே, கடைவாயில், ஏதோ வெள்ளியாக மின்னியது. ஞானம் முற்றினால் இப்படித்தான் உள்ளேயிருந்து ஒளி வரும் போலும் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கோ அப்பனே. புழுவுக்கு வெக்கம் ஜாஸ்தி. பாத்தா வெளியே வராது."

மூடினார். கிராம்பு வாசனையோடு ஒரு புகை குழாய் வழியாக வாய்க்குள் போனது. வாய் மெல்ல மரத்தது. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். "திற கண்ணை!" என்றார் புகையரசர். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில், வெள்ளை வெளேரென்று புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"ஏழு!" என்று கூவினார் புகையரசர். "ராஜாப்புழு மட்டும் இன்னும் உள்ளே பதுங்கியிருக்கு. அடுத்த வாரம் வா, அதையும் பிடிச்சிடறேன்."

ஏழு! தையல்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் வலியும் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

கடைக்கு வந்ததும் ஏழு பேர் யார் யார் என்று யோசித்தார். முதல் ஆள் சந்தேகமில்லாமல் எதிர்க்கடைத் தையல்காரன். பாவம், அவன் அன்று காலைதான் வந்து, "அண்ணே, முகம் வீங்கியிருக்கு, பாதி வேலையை என்கிட்ட குடுங்க, நான் தெச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். எவ்வளவு வயிற்றெரிச்சல் பாருங்கள்! மைத்துனன் இரண்டாவது. இப்படி ஆறு பேர் சேர்ந்தார்கள். ஏழாவதுக்கு ஆள் கிடைக்காமல் மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னைப் பாத்தா எரியற மாதிரி இருக்கா?" என்றாள் அவள். "எரியத்தான் எரியுது. ஆனா அது பொறாமை இல்லை."

ஆறு நாளில் கன்னம் தலையணையாகிவிட்டது. வலது கண் பாதி மூடிக்கொண்டது. வாய் ஒரு கரண்டி நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. காய்ச்சலும் வந்தது. மனைவி பயந்துபோய்த் தனியாக டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் முகம் மாறிவிட்டது.

"சீழ் பிடிச்சிருக்கு. அது கழுத்துப் பக்கம் இறங்கினா மூச்சே அடைச்சிடும். உயிருக்கு ஆபத்தும்மா. நாளைக்குள்ள எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னாள். கெஞ்சினாள். அழுதாள். தையல்காரர் விரலை ஆட்டினார். "நாளைக்கு ராஜாப்புழுவை எடுக்கறாரு. எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும். அப்புறம் வேணா வர்றேன்."

இந்த மனுஷனை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. அவள் வெட்டுமேஜைமேல் இருந்த புழுக்குப்பியை வெறுப்போடு எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பட்டனும் கொக்கியும் தைத்த கண் அது.

"என்னங்க, இதுல முறுக்கு ஓடுது."

"புழுன்னா முறுக்கிக்கத்தான் செய்யும்."

"ரெண்டு இழை முறுக்கு. இது பட்டன் நூலுங்க!"

மிஷின் பெட்டியிலிருந்து பட்டன் நூலை எடுத்தாள். இறுக்கி முறுக்கி, மெழுகில் இழுத்து, நகத்தளவு துண்டுகளாக வெட்டினாள். வெந்நீரில் போட்டாள். மெழுகு இளகியதும் முறுக்குப் பிரிந்து, துண்டுகள் அத்தனையும் அச்சு அசல் புழுவாக நெளிந்தன.

தையல்காரர் ஒரு கண்ணால் பார்த்தார். நூல்தான். அவருக்கா நூல் தெரியாது? ஆனால் நம்பிக்கை என்பது லேசில் கிழிகிற துணியா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"சரிதான்! இருபத்திரண்டு வருஷமா நூலைக் கடிக்கிறேன் இல்லையா? பல் இடுக்குல சிக்கின நூலெல்லாம் உள்ளேயே கிடந்திருக்கு. அதைக்கூட வெளியே கொண்டுவந்துட்டாரே! எப்பேர்ப்பட்ட ஆளு!"

ஒரு தையல்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மனைவி நூல் துண்டுகளை விரலால் கிளறினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, நூலே கடிக்காத ஆளு வாயிலேருந்து இதே நூல் வந்தா?"

"வராது."

"பல்லே இல்லாத ஆளு வாயிலேருந்து வந்தா?"

"வந்தா, அப்பவே உன்கூட டாக்டர்கிட்ட வர்றேன். ஊசியும் போட்டுக்கறேன்."

உடனே தன் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

தையல்காரரின் மாமனார் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். வாயில் ஒரு சொந்தப் பல் கிடையாது. மேலும் கீழும் முழு செட்டு. அதைப் பொருத்திக்கொண்டு சிரித்தால் சினிமா நடிகர் தோற்றுப்போவார். விஷயத்தைக் கேட்டதும், "விடியக்காலமே வந்துடறேன்" என்றார் குஷியாக.

மறுநாள் டயர் கடை மாடியில் மாமனாரின் நடிப்பு பிரமாதமாக இருந்தது. "ஐயோ, கீழ்ப்பல்லு! இடது பக்கம்! உயிர் போகுதே!" என்று அலறினார். வரிசையே இரக்கப்பட்டு அவரை முன்னால் விட்டது. தையல்காரர், ராத்திரியோடு வாய் இன்னும் இறுகிப்போய், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, மனைவி தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார்.

புகை போனது. தண்ணீர் வந்தது. மாமனார் துப்பினார்.

"பதிமூணு!" என்று கர்ஜித்தார் புகையரசர். கூட்டம் மூச்சை இழுத்தது. புதுக் கதவுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "இடது கடைவாய்ப் பல்லுல மட்டும் அஞ்சு! வேர்ல கூடு கட்டியிருக்கு!"

"இந்தப் பல்லுங்களா?" என்றார் மாமனார். வாய்க்குள் விரலை விட்டு, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "வேரைக் கொஞ்சம் காட்டுங்க. நானும் பாத்ததே இல்லை."

 யாரோ கெக்கென்று சிரித்தார்கள்.

புகையரசர் லேசுப்பட்டவரா? ஒரே நொடிதான் தடுமாறினார். "பாத்தீங்களா ஜனங்களே! பொறாமைக்கு நிஜப் பல்லு, பொய்ப் பல்லுன்னு பேதமே கிடையாது! இவ்வளவு அழகான செட்டுன்னா கண்ணு படாதா?"

கேளுங்கள் கொடுமையை, கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்! "ஆமாமா, செட்டு ரொம்ப அழகுதான்" என்றது ஒரு குரல்.

அந்த நேரத்தில் தையல்காரர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். பதிமூன்று புழு. பதிமூன்றிலும் அதே முறுக்கு. அதே மெழுகு. மாமனார் தன் ஜென்மத்தில் ஒரு நூலைக் கடித்தவர் இல்லை. தையல்காரருக்கு வந்ததே கோபம்! வலிகூட ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. ஒன்றும் பேசவில்லை. வாய் திறந்தால்தானே பேசுவதற்கு? இருப்பதிலேயே நீளமான, பிரித்தால் ஒரு சாண் வருகிற புழுவை இரண்டு விரலால் எடுத்தார். சட்டையில் துடைத்தார். நுனியை நசுக்கிக் கூராக்கினார். பையிலிருந்த ஊசியை எடுத்து, ஒரே குத்தில் அதன் காதில் கோத்தார். இன்னொரு பையிலிருந்து ஒரு பட்டன் வந்தது. புகையரசர் சுதாரிப்பதற்குள், நீலக் கோட்டில் மூன்றாவது பட்டனை நாலு குத்தில் தைத்து, முடிச்சும் போட்டுவிட்டார்.

"புழு!" என்று பட்டனைச் சுட்டிக் காட்டினார். திறந்த கொஞ்ச வாயில் அந்த ஒரு சொல்தான் வெளியே வந்தது.

கூட்டம் பட்டனையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு எல்லோரும் தங்கள் குப்பியைத் திறந்தார்கள். பிரித்துப் பார்த்தார்கள். இழை இழையாக வந்தது. "அடப்பாவி, என் பதினொரு எதிரியும் நூல்கண்டா!" என்று புதுக் கதவுக்காரர் கதறினார். ஏமாந்ததைவிட, எதிரிகள் இல்லாமல் போனதில்தான் அவருக்கு அதிக வருத்தம்.

"இது சதி! நான் என் பல் வலியையே புகையாலதான் தீத்துக்கிட்டவன்!" என்று புகையரசர் வாயைப் பிளந்து கத்தினார். மாமனார் எட்டி உள்ளே பார்த்தார். செட்டு இல்லாத வாயால் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப கடைவாயில இந்த வெள்ளி அடைப்பை எந்தப் புகையில வெச்சீங்க தம்பி?"

தம்பி புதுப் பட்டனோடு பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி ஓடினார்.

தையல்காரர் வாக்குத் தவறவில்லை. ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மாவின் நாற்காலியில் கிடந்தார். ஆனால் ஒரு வேண்டுகோளை எழுதிக் காட்டினார்: "முழுசா மயக்கிடுங்க. வீட்டுக்குப் போனப்புறம் எழுப்புங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஒரு பல்லுக்கு முழு மயக்கம் எதுக்கு? அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேணும், தனி டாக்டர் வேணும். மரத்துப்போற ஊசி போதும். ஊசி போடற இடத்துல முதல்ல ஒரு களிம்பு தடவிடுவேன், குத்தறதே தெரியாது. இன்னைக்கு சீழை மட்டும் எடுத்து மருந்து குடுக்கறேன். வீக்கம் வத்தினதும் பல்லை எடுத்துடலாம். இருபது நாள் முன்னாடி உக்காந்திருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாம்."

"அங்கே மரத்துப்போச்சே, அது என்ன டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"கிராம்பு எண்ணெய். கொஞ்ச நேரம் வலியை மறைக்கும். நான் மரத்துப்போக வெச்சுட்டு வேலையை ஆரம்பிக்கிறேன். அவரு மரத்துப்போக வெச்சுட்டு வேலையை முடிச்சுட்டாரு."

தையல்காரர் கண்ணை இறுக்கி மூடி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். கடைசியில் பொறுக்காமல், குழறலாக, "எப்ப டாக்டர் ஊசி?" என்றார்.

"போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

ஒரு வாரம் கழித்துப் பல்லும் வந்தது. தையல்காரர் அதை வாங்கிக் குடைந்து குடைந்து பார்த்தார். ஓட்டை இருந்தது. எதிரி ஒருவரும் இல்லை. அன்று சாயங்காலமே எதிர்க்கடைக்குப் போய், பாதி வேலையையும் ஒரு மன்னிப்பையும் கொடுத்துவிட்டு வந்தார்.

டயர் கடை மாடி ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. வலிக்கிற முழங்காலுக்குள்ளிருந்து கூழாங்கல் எடுக்கிறவர் ஒருவர் வந்திருக்கிறார். நேற்று வரிசையில் புதுக் கதவுக்காரர் நின்றார். கூழாங்கல் எண்ணிக்கைக்கும் மரியாதை உண்டாம்.

டாக்டரம்மா வேலையை ஆரம்பிக்கும் முன், பல் மரத்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துக் கேட்டார். நல்ல பழக்கம். வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் நீங்களும் உங்கள் மண்டையை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால், யாரோ உங்களுக்கு ஏற்கெனவே ஊசி போட்டுவிட்டார்கள்.