கிழக்கே சூலம், கூச்சிங்கும் கிழக்கே

“பாஸ்போர்ட் எங்கம்மா?”

“எதிர்வீட்டுல இருக்கு சார்.”

இளமாறன் சாருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. நம்பத்தான் முடியவில்லை. காரைக்குடியில் பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. கல்லூரி வாசலில் வேன் தயாராக நிற்கிறது. திருச்சிக்குப் போய் விமானம் ஏறி, கோலாலம்பூரில் ராத்தங்கி, மறுநாள் காலையில் போர்னியோ தீவில் இருக்கும் கூச்சிங் நகரத்தில் இறங்க வேண்டும். ஊரைச் சுற்றி மழைக்காடு. தாவரவியல் மாணவர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிறாரே தவிர, சாரும் அந்தக் காட்டைப் பார்த்தவர் இல்லை. இருபது வருசமாகக் கரும்பலகையில் பச்சைச் சாக்பீஸால் மழைக்காடு வரைந்தே காலத்தை ஓட்டியவர். ஒரே ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்த மனுஷர். இந்த விமானத்தை விட்டால் கல்லூரி இன்னொரு முறை அனுப்பப் போவதில்லை.

“அது எதுக்கு தீக்ஷா எதிர்வீட்டுக்குப் போச்சு?”

“இன்னைக்குத் திங்கக்கிழமை சார். கிழக்கே சூலம். கூச்சிங் கிழக்கதான இருக்கு? அதான் அம்மா நேத்தே நல்ல நேரம் பாத்துப் பரஸ்தானம் வெச்சிட்டாக.”

ஆகாத நாளில் பயணம் போக நேர்ந்தால், முதல்நாளே பயணச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். ஆள் கிளம்பாவிட்டாலும் பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியது. அதுதான் பரஸ்தானம்.

“ஒரு துண்டை வெக்கக் கூடாதா?”

“துண்டு இல்லாம ஃபாரின் போகலாம் சார். பாஸ்போர்ட் இல்லாமப் போக முடியுமா? அதான் அதையே வெச்சாக. வேன்ல போறப்ப எடுத்துக்கிடச் சொன்னாக.”

சார் தலையில் அடித்துக்கொண்டார். “வேற யாரு வீட்டுலயாவது இந்தக் கூத்து நடந்திருக்கா?” என்று கேலியாகத்தான் கேட்டார்.

ஆதித்தன் மெல்லக் கையைத் தூக்கினான். அப்புறம் இன்னொரு கை, இன்னொரு கை. வகுப்பில் கேள்வி கேட்டால் ஒரு விரல்கூட அசையாத கூட்டம் அது. இப்போது தீக்ஷா கையையும் சேர்த்து எட்டுக் கைகளும் மேலே நின்றன.

“போன் போடுங்க! எல்லாரையும் இங்குட்டுக் கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க!”

போட்டார்கள். ஒரு வீட்டிலும் ஒப்பவில்லை. பரஸ்தானம் வைத்ததைப் பயணம் போகிறவர் கையால்தான் எடுக்க வேண்டுமாம். போன் போட்டதில் கண்ட பலன், எட்டுத் தெருவும் விழித்துக்கொண்டு வழியனுப்ப வாசலுக்கு வந்து நின்றதுதான்.

சரி, வீடு வீடாகப் போய் வாங்கிவிடலாம் என்று வேனைக் கிளப்பினார். போன இடமெல்லாம் விபூதி, ஆரத்தி, “வெறும் வயித்தோட போகக் கூடாது”, காப்பி. பாஸ்போர்ட் ஒன்று ஏறினால் முறுக்கு டின் இரண்டு ஏறியது. சார் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

“சார், கோவிச்சுக்கிட மாட்டீகன்னா ஒண்ணு சொல்லவா?” என்றார் டிரைவர் ஆசைத்தம்பி. “உங்க வீட்டம்மா கூட...”

“வண்டிய ஓட்டுய்யா முதல்ல!” சார் பின்பக்கம் திரும்பினார். “படிக்கிற பிள்ளைக வீட்டுல செய்ற காரியமா இது? என் வீட்டைப் பாருங்க. உங்க முத்துமாரி மேடம் கெமிஸ்ட்ரி நடத்துறவ. காலையில நான் அலையக் கூடாதுன்னு பெட்டி, பாஸ்போர்ட் எல்லாத்தையும் நேத்தே ஆசைத்தம்பிகிட்டக் குடுத்தனுப்பிட்டா. சூலமாம், சூலம்! திட்டம்னா அப்படி இருக்கணும்.”

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தீக்ஷா உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள்.

கடைசியாக ஆதித்தன் பாஸ்போர்ட். அது இருந்த வீரலட்சுமி ஆச்சி வீட்டில் பூட்டுத் தொங்கியது. போனில் பிடித்தார்கள்.

“பிள்ளையார்பட்டிக்கு வந்திருக்கேனப்பா. வீட்டுல வெச்சா பத்திரமில்லைன்னு அதையும் கையோட கொண்டாந்துட்டேன்.”

“அங்கேயே இருங்க ஆச்சி! நாங்க வாரோம்!”

வேன் பிள்ளையார்பட்டிக்குப் பறந்தது. கோயில் வாசலில் ஆச்சியைக் காணோம். மறுபடி போன்.

“பிள்ளைகளை அலைய விடலாமா? அதான் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துட்டேன். நீங்க எங்கின சுத்துறீக?”

திரும்பக் காரைக்குடி. சார் வாய்விட்டு அழாத குறை. ஆச்சி நிதானமாகப் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். அட்டையில் சந்தனப் பொட்டு.

“பிள்ளையார் பாதத்துல வெச்சு வாங்கியாந்தேன். இனி எவன் தடுப்பான்?”

யாரும் தடுக்கவில்லை. திருச்சி விமான நிலையத்தில் கவுண்டரை மூடப் போன பெண்மணி, மூச்சிரைக்க ஓடிவந்த கூட்டத்தையும் சந்தனப் பொட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மறுபடி உட்கார்ந்தார்.

விமானம் மேலே ஏறிய பிறகுதான் சாருக்கு உயிர் வந்தது. கோலாலம்பூரில் ராத்தங்கி, காலையில் அடுத்த விமானம் ஏறினார்கள். கடல் வந்தது, கடல் போனது. மேகம் விலகியபோது சன்னலுக்குக் கீழே பச்சை. கரையே இல்லாத பச்சை! நடுவே தேத்தண்ணி நிறத்தில் ஓர் ஆறு, எந்த அவசரமும் இல்லாமல் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் ஓயாமல் கத்திய மனுஷர் இப்போது சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார்.

கூச்சிங்கில் இறங்கி விடுதிக்குப் போகும் வழியில், காட்டோரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார். உள்ளே பத்தடி வைத்திருக்க மாட்டார்கள். வெளிச்சமே பச்சையாக மாறியது. எதிரே ஒரு மரம். அதன் வேர்கள் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நின்றன. தலையை எவ்வளவு சாய்த்தும் உச்சி தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. உச்சியில் சோவென்று கொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது. கீழே நின்ற ஒன்பது பேர் மேலும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அத்தனை மழையையும் இலைகளே வாங்கி வைத்துக்கொண்டன. ஆதித்தன் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

சார் மரத்தில் கை வைத்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

“அடேயப்பா! இருபது வருசமா நான் போர்டுல வரைஞ்சது மழைக்காடே இல்லடா. கறிவேப்பிலைச் செடி.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமாக அது இல்லை. ரொம்ப நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சார் மாணவர்கள் பக்கம் திரும்பினார். பழைய குரல் திரும்பியிருந்தது.

“பாத்தீகளா? பரஸ்தானமே வெக்காத ஒரே ஆளு நான்தான். என்னை எந்தச் சூலம் குத்துச்சு? உங்க அம்மாக்கள் செஞ்ச வேலையில இந்த மரத்தையே பாக்காமப் போயிருப்பேனே! ஊருக்குப் போனதும் முத்துமாரிகிட்டச் சொல்லி அவுகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்றேன்.”

தீக்ஷா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மேடம் முந்தாநாளே எடுத்துட்டாக சார். உங்க இருபது வருச ஆசைக்கு ஒரு தடங்கலும் வரக் கூடாதுன்னு உங்க பாஸ்போர்ட்டை டிரைவர் அண்ணன் வீட்டுல பரஸ்தானம் வெச்சிட்டு, எங்க அம்மாக்களுக்கெல்லாம் போன் போட்டு, துண்டு வெச்சாப் பத்தாது, பாஸ்போர்ட்டைத்தான் வெக்கணும்னு சொன்னதே அவுகதான்.”